ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3: மூன்று கியரில் ஊளை, டாப்பில் மட்டும் அமைதி

வண்டலூர்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 1970 மாடல். பெரியப்பா வைத்திருந்தது, இப்போது என் பெயரில். 948 சி.சி. என்ஜின் நன்றாகத்தான் ஓடுகிறது. தொல்லை கியர் பாக்ஸில்.

ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டு மூன்றிலும் ஊளைச் சத்தம். வேகம் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. டாப் (நாலாவது) போட்டதும் சுத்தமாக நின்றுவிடுகிறது. இது போக, தேர்டிலிருந்து செகண்டுக்கு இறக்கினால் 'கர்ர்' என்கிறது. பாலத்தில் இறங்கும்போது தேர்டில் ஆக்சிலேட்டரை விட்டால் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

பக்கத்து ஒர்க்ஷாப்பில் கேட்டேன். "இறக்கிட்டு எல்லாத்தையும் மாத்திடலாம், இல்லேன்னா வேற பாக்ஸ் ஏத்திடலாம்" என்றார்கள். எது கெட்டிருக்கிறது என்றால் "திறந்தாத்தான் தெரியும்". நானே இறக்கலாமா? சாமான் கிடைக்குமா? என்னிடம் ஸ்பேனர் செட், ஜாக் இருக்கிறது. மற்றது கடன் வாங்கணும்.

எண்ணெய்க்கை

தம்பி, திறந்தாத்தான் தெரியும்னு சொல்றவர்கிட்ட வண்டியை விடாதே. ஓட்டிப் பார்த்தே முக்கால்வாசி சொல்லிடலாம்.

டாப்புல சத்தம் இல்லேன்னு நீயே விடையைச் சொல்லிட்டே. இந்த பாக்ஸ்ல டாப்புங்கிறது நேரடி. என்ஜின்லேர்ந்து வர்ற டாப் பினியனும் மெயின் ஷாஃப்டும் பூட்டிக்கிட்டு ஒரே தண்டா சுத்தும். கீழே இருக்கிற கிளஸ்டர் கியர் அப்பவும் சுத்தும், ஆனா அதுமேல பாரம் கிடையாது. மத்த மூணு கியர்லயும் பாரம் மொத்தமும் கிளஸ்டர் வழியாத்தான் போகணும். அதனால உன் சத்தம் கிளஸ்டர்ல. கிளஸ்டருக்குள்ள ஓடற லே ஷாஃப்டும் ஊசி ரோலரும் தேஞ்சிருக்கும். டாப் பினியன் பேரிங் போயிருந்தா டாப்லயும் கத்தும். பின்னாடி மெயின் பேரிங் போயிருந்தா நியூட்ரல்ல உருட்டினாலும் கத்தும்.

ஃபர்ஸ்ட்ல கொஞ்சம் ஊளை எப்பவும் இருக்கும், அதுக்குப் பயப்படாதே. அது நேர்ப்பல். கம்பெனியிலேர்ந்து வந்த அன்னைக்கே அப்படித்தான்.

இறக்கறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துட்டு வா. வண்டி நிக்கட்டும், நியூட்ரல், என்ஜின் ஸ்லோவுல. கிளட்சை மிதிச்சா சத்தம் நிக்குதா, புதுசா வருதா? அடுத்து, கிளட்சை மிதிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் பொறுத்து ரிவர்ஸ் போடு. ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (பல்லு சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு வேகத்தையும் ஒண்ணாக்கற ரிங்) கிடையாது. பொறுத்துப் போட்டும் கடிச்சா கிளட்ச் முழுசா விடலேன்னு அர்த்தம், பாக்ஸ் மேல பழி போடாதே. மூணாவது முக்கியம்: யாரையாவது கிளட்சை மிதிக்கச் சொல்லிட்டு முன்னாடி கிராங்க் புல்லியைப் பாரு. முன்னபின்ன நகருதா?

அம்பாசிடர்_அன்பு

அண்ணே சொன்னது சரி, ஆனா முதல்ல ஆயிலைப் பாருங்க ப்ரோ. பாதி ஹெரால்டுல ஆயிலே இருக்காது. நம்ம அம்பாசிடர்ல சத்தம் வந்தப்ப 90 நம்பர் ஆயிலை வடிச்சுட்டு அதைவிடக் கெட்டியான 140 ஊத்தினோம், சத்தம் பாதியா குறைஞ்சது. பின் அச்சு டிஃபரன்ஷியலுக்கு வாங்கின ஜி.எல்-5 தர ஆயில்தான், ஒரே டின், ரெண்டு வேலை.

எண்ணெய்க்கை

குறைஞ்சது சத்தம். தேய்மானம் குறையலையே. வண்டியை விக்கிறதுக்கு முன்னாடி புரோக்கர் பண்ற வேலை அது. 140 ஊத்தினா விடியக்காலையில செகண்ட் விழாது.

பல்சக்கரம்_கோவை

ஆயில் விஷயத்தில் ஒன்று சொல்லிக்கிறேனுங்க. ஜி.எல்-5 டிஃபரன்ஷியலுக்கு. அங்கே ஹைபாய்டு பல் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கித்தான் ஓடும், அதைத் தாங்க கந்தகமும் பாஸ்பரஸும் அதிகம் போட்டிருப்பார்கள். கியர் பாக்ஸில் இருக்கிற சிங்க்ரோ ரிங் வெண்கலம். சூடாக இருக்கும்போது சுறுசுறுப்பான கந்தகம் செம்பு கலந்த உலோகத்தைத் தின்னும். இப்போது வருகிற சில ஆயில்களில் அந்த அளவு கடி இருக்காது என்கிறார்கள், சரி. ஆனால் வழுக்கல் இருக்கிறதே! சிங்க்ரோ வேலை செய்வதே உராய்வில்தானுங்க. ரிங் கியரின் கோனை, அதாவது கூம்பான பாகத்தை, பிடிக்கணும். அளவுக்கு மீறி வழுக்குகிற ஆயிலை ஊற்றிவிட்டு ரிங் பிடிக்கலை என்று புலம்புவதில் பொருளில்லை.

ஹெரால்டுக்கு ஜி.எல்-4, 80 அல்லது 90. டின்னில் ஜி.எல்-4 என்று அச்சடித்திருக்கணும். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்" என்றால் அடுத்த கடைக்குப் போங்க. பாக்ஸ் ஒரு லிட்டர்கூடக் குடிக்காது, இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

வண்டலூர்_வாசி

அண்ணன் சொன்னபடி பார்த்தேன். நியூட்ரலில் லேசான கரகரப்பு, கிளட்சை மிதித்ததும் நிற்கிறது. ரிவர்ஸ் பொறுத்துப் போட்டால் சத்தமே இல்லாமல் விழுகிறது. புல்லி நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. (ஏன் புல்லியைப் பார்க்கச் சொன்னார் என்று இன்னும் புரியவில்லை.)

பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கிற பிளக்கைத் திறந்து விரலை விட்டால் ஆயில் எட்டவே இல்லை. கீழே வடிகால் பிளக்கில் ஒட்டியிருந்தது வெறும் பொடி இல்லை, மெல்லிய செதில்கள். நகத்தில் எடுத்தால் மினுங்குகிறது.

எண்ணெய்க்கை

புல்லி எதுக்குன்னா, இந்த என்ஜின்ல கிராங்க் முன்பின் ஆடாம இருக்க அரைவட்டமா ரெண்டு த்ரஸ்ட் வாஷர் இருக்கு. அது தேஞ்சு கீழே ஆயில் சம்ப்ல விழற வியாதி ட்ரையம்ஃப் என்ஜினுக்குப் பிறவியிலேயே உண்டு, ஹெரால்டுல இருக்கிறதும் அதுதான். விழுந்துட்டா கிளட்சை மிதிக்கிறப்ப கிராங்கே முன்னாடி ஓடும், பெடல் தூரம் வீணாகும், கியர் கடிக்கும். அதைப் பார்க்காம பாக்ஸை ரெண்டு தரம் இறக்கினவங்க உண்டு. உனக்கு அது இல்லை, நல்லது.

செதில் வந்துச்சுன்னா இனிமே ஓட்டாதே. அது லே ஷாஃப்டோட மேல்தோல் உரிஞ்சு வர்றது. ஆயில்ல கலந்து நல்ல பேரிங்குக்குள்ளயும் போகும்.

நெய்வேலி_டீசல்

இவ்வளவு பாடு எதற்கு? லண்டனில் இந்த வகை வண்டிகளுக்கு ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பாக்ஸை மாட்டுகிறார்கள். இங்கே ஏதாவது பின்சக்கரம் ஓட்டும் வண்டியின் பாக்ஸை அடாப்டர் தகடு வைத்து ஏற்றினால் ஹைவேயில் நிம்மதியாகப் போகலாம். ஃபர்ஸ்டுக்கும் சிங்க்ரோ இருக்கும்.

அம்பாசிடர்_அன்பு

விண்டேஜ் பதிவு போயிடுமே ப்ரோ. 50 வருஷம் தாண்டின வண்டி.

நெய்வேலி_டீசல்

மோட்டார் வாகன விதிகளின் 2021 திருத்தத்தைப் படித்துப் பாருங்கள். மாற்றக்கூடாது என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது சேசிஸ், பாடி, என்ஜின். கியர் பாக்ஸ் அந்த வரியில் இல்லை. விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. வீட்டு வண்டியாக தினமும் ஓட்ட நினைக்கிறவர் அதையும் யோசிக்கட்டும்.

எண்ணெய்க்கை

விதி விடும், வண்டி விடாது. பாக்ஸ் நீளம் மாறினா பின் அச்சுக்குப் போற ப்ராபல்லர் ஷாஃப்டை வெட்டணும், பேலன்ஸ் பண்ணணும். ஸ்பீடோ கேபிள் பொருந்தாது. லீவர் வேற இடத்துல வந்து நிக்கும், மேல மூடற அட்டையை வெட்டணும். 948 என்ஜினுக்கு அஞ்சாவது கியரை இழுக்கற தெம்பு எங்கே? மேட்டைப் பார்த்தா நாலாவதுக்கு வந்துடுவே. தேஞ்சது ஒரு தண்டு. அதை மாத்து.

குரொய்டன்காரன்

வணக்கம். நான் இங்க ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஒண்டு வச்சிருக்கிறன், ஹெரால்டின்ர தம்பிதான். உள்ளுக்கை பெட்டி கிட்டத்தட்ட ஒரே குடும்பம்: மூண்டு ரெயில் (கியர் மாத்துற ஃபோர்க்குகள் ஏறி நிக்கிற தண்டுகள்), வார்ப்பு இரும்புக் கூடு, மேல மூடி. அண்ணை சொன்னது நூறு வீதம் சரி, இந்தப் பெட்டியளில முதல்ல சாகிறது லே ஷாஃப்ட்தான். அது தான் சுத்தாது, கூட்டில பூட்டி நிக்கும். அதுக்கு மேல கிளஸ்டர்தான் சுத்துறது. அதால பாரம் எப்பவும் தண்டின்ர ஒரே பக்கத்தில விழும், அந்தப் பக்கம் மட்டும் உரியும்.

கழட்டுறது ஹெரால்டில சுகம். என்ஜினைத் தூக்கத் தேவையில்லை. முன் சீற்று ரெண்டையும் எடுத்து, கார்பெட்டை எடுத்து, நடுவில இருக்கிற மூடியைக் கழட்டினா பெட்டி முழுக்கத் தெரியும். காருக்குள்ளாலயே வெளிய வரும். சம்புக்குக் கீழ பலகை வச்சு ஜாக்கால தாங்குங்கோ. ப்ராபல்லர் ஷாஃப்ட் ஃபிளேஞ்சில நாலு போல்ட், ஸ்பீடோ கேபிள், கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், ஸ்டார்ட்டர், பெல் ஹவுசிங்கைச் சுத்தி இருக்கிற போல்ட்டுகள், பின் மவுண்ட். ஸ்லேவ் சிலிண்டரின்ர குழாயைக் கழட்டாதேங்கோ, அப்பிடியே ஒரு பக்கமாக் கட்டி விடுங்கோ, பிறகு ஏர் எடுக்கிற வேலை மிச்சம்.

ஒரு கவனம். பெட்டி பின்னுக்கு வரேக்க அதின்ர பாரத்தை டாப் பினியனில தொங்க விடக்கூடாது. கிளட்ச் பிளேட்டின்ர நடு வளைஞ்சு போகும். ரெண்டு பேர் கட்டாயம் வேணும்.

வண்டலூர்_வாசி

இறக்கியாச்சு. தம்பி கூட நின்றான். சீட்டு, கார்பெட் எல்லாம் மொட்டை மாடியில். நடு மூடி அட்டை கையோடு உதிர்ந்து வந்துவிட்டது, புதிதாகச் செய்யணும்.

மேல் மூடியைத் திறந்து பார்த்ததில் கிளஸ்டர் கியரைக் கையால் மேலும் கீழும் ஆட்ட முடிகிறது. ஃபர்ஸ்ட் கியர் பற்களின் ஓரம் சற்றுச் சிதைந்திருக்கிறது. லே ஷாஃப்டை எப்படி எடுப்பது? சுத்தியலால் தட்டினால் ரோலர் எல்லாம் கொட்டிவிடும் என்று ஒரு வீடியோவில் பயமுறுத்துகிறார்கள்.

எண்ணெய்க்கை

கொட்டத்தான் செய்யும். அதுக்கு டம்மி ஷாஃப்ட் வேணும். லேத்துக்காரர்கிட்ட போய், லே ஷாஃப்டோட விட்டத்துக்கு ஒரு மயிரிழை மட்டும் குறைவா, கிளஸ்டரும் த்ரஸ்ட் வாஷரும் சேர்ந்த நீளத்துக்கு மட்டும் ஒரு தண்டு கடைஞ்சு வாங்கு. சாதா இரும்பு போதும். லே ஷாஃப்டைப் பிடிச்சிருக்கிற லாக்கை எடுத்துட்டு, டம்மியை ஒரு பக்கத்திலேர்ந்து தள்ளு. நிஜம் வெளியே வர வர டம்மி உள்ளே போகும். ரோலர் எல்லாம் டம்மி மேல உக்காந்துக்கும், கிளஸ்டர் மெதுவா பாக்ஸோட அடிக்கு இறங்கிடும். அப்பத்தான் மேல டாப் பினியனையும் மெயின் ஷாஃப்டையும் உருவ இடம் கிடைக்கும்.

மேல் மூடியில ஃபோர்க் ரெயிலை உருவறப்ப ஒரு துணியைப் போட்டு மூடிக்கோ. குண்டும் ஸ்பிரிங்கும் பறந்து போய் அலமாரிக்கு அடியில உக்காந்துக்கும். ரெயிலுக்கும் ரெயிலுக்கும் நடுவுல இருக்கிற இன்டர்லாக் குண்டை மறுபடி போட மறந்தா ஒரே நேரத்துல ரெண்டு கியர் விழும். அப்புறம் வண்டி முன்னாடியும் போகாது, பின்னாடியும் போகாது.

ஃபர்ஸ்ட் கியர் பல்லு ஓரம் சிதைஞ்சது உருண்டுக்கிட்டிருக்கிற வண்டியில ஃபர்ஸ்டைத் திணிச்சதால. உங்க பெரியப்பா டபுள் கிளட்ச் (நடுவுல நியூட்ரல்ல விட்டு ரெண்டு தரம் மிதிக்கறது) போட்டிருப்பார், அவருக்கு அப்புறம் யார் ஓட்டினா?

வண்டலூர்_வாசி

அதற்குப் பதில் சொன்னால் வீட்டில் சண்டை வரும் அண்ணே.

லே ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டது. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி இல்லாமல் அம்மைத் தழும்பாக இருக்கிறது. மறுபக்கம் புதுசு. குரொய்டன் அண்ணா சொன்னது அப்படியே. ரோலர்கள் சிலவற்றில் கோடு விழுந்திருக்கிறது.

மெயின் ஷாஃப்டில் ஒரு சர்க்ளிப் (பூட்டு வளையம்) மாட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஒரு பக்கம் ஏறுகிறது, மறுபக்கம் இறங்குகிறது.

குரொய்டன்காரன்

அந்த சர்க்ளிப்பால இங்க எத்தனை பேர் அழுதிருக்கினம் தெரியுமோ! அதைக் கழட்ட எண்டே ஒரு விசேஷக் கருவி இருந்தது. வளையத்துக்குக் கீழ ஒரே நேரத்தில மூண்டு இடத்தில நுழைஞ்சு விரிச்சுத் தூக்கும். வீட்டில செய்யிறதெண்டா மெல்லிய உருக்குத் தகட்டில மூண்டு நாக்கு வெட்டி, ஒண்டொண்டாச் சொருகி, மூண்டும் ஏறின பிறகுதான் தள்ள வேணும். ஸ்க்ரூ டிரைவரால நெம்பாதேங்கோ, ஷாஃப்டில கீறல் விழும், வளையமும் கண்ணுக்குப் பாயும். கண்ணாடி போடுங்கோ. வெளிய வந்ததை எறிஞ்சிட்டு புதுசு போடுங்கோ.

வந்தாப் பிறகு மெயின் ஷாஃப்டின்ர முன் மூக்கை வடிவாப் பாருங்கோ. டாப் பினியனுக்குள்ள ஊசி ரோலரில ஓடுற இடம். ஆயில் குறைஞ்சா முதல்ல காயிறது அந்த மூக்குத்தான், கிளஸ்டர் கீழ ஆயிலுக்குள்ள நிக்கும். மூக்கு தேய்ஞ்சா மெயின் ஷாஃப்ட் ஆடும், தேர்ட் கழரும்.

பல்சக்கரம்_கோவை

தேர்டு கழர்வதற்குக் காரணம் ஒன்றே என்று முடிவு கட்டாதீங்க. லீவர் தானாக வருகிறதென்றால் வரிசையாகப் பார்க்கணும்: ரெயிலை இடத்தில் பிடிக்கிற டெட்டன்ட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கா, ரெயிலில் குண்டு உட்காருகிற பள்ளம் மழுங்கியிருக்கா, ஃபோர்க் நுனி தேய்ந்திருக்கா, கியரைப் பூட்டுகிற ஸ்லீவின் உள்பல்லும், அது போய்ச் சேருகிற கியரின் நாய்ப்பல்லும் (டாக் டீத்) ஓரம் உருண்டிருக்கா. இதெல்லாம் போக மூக்கு.

சிங்க்ரோ ரிங்கைச் சோதிக்க ஒரு செலவும் இல்லை. காய்ந்த ரிங்கை அதன் கோன் மேல் வைத்து அழுத்தித் திருப்புங்க. பிடித்து நிற்கணும். வழுக்கினால் உள்ளே இருக்கிற மெல்லிய வரிகளின் முனை தட்டையாகிவிட்டது. அந்த வரிதான் ஆயில் படலத்தைக் கிழித்துக்கொண்டு கோனைப் பிடிக்கிறது. பிறகு ரிங்குக்கும் கியர் முகத்துக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விடுங்க. ரிங் தேயத் தேய கோனில் கீழே இறங்கும், இடைவெளி குறையும். முகத்தில் முட்டிவிட்டால் அது வெறும் வளையல்.

இந்த சிங்க்ரோ ஏற்பாடு 1928-ல் கேடிலாக் வண்டியில் முதலில் வந்தது. அதற்கு முன்னால் எல்லாரும் எல்லா கியருக்கும் டபுள் கிளட்ச் போட்டுத்தான் ஓட்டினார்கள். உங்க ஹெரால்டின் ஃபர்ஸ்ட் கியர் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது.

சிங்க்ரோ ஹப்பைப் பிரிக்கும் முன் ஸ்லீவிலும் ஹப்பிலும் ஒரு குறி போட்டுக்கோங்க. பழைய ஜோடி பழைய இடத்திலேயே சேரணும். உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கு, துணிக்குள் வைத்துப் பிரிங்க.

வண்டலூர்_வாசி

ரிங் சோதனை: தேர்டு, டாப் ரிங்குகள் பிடிக்கின்றன. செகண்ட் ரிங் வழுக்குகிறது, இடைவெளியும் மற்றதில் பாதிதான். மூக்கு நன்றாக இருக்கிறது, விரல் நகம் எங்கும் தடுக்கவில்லை. தேர்டு, டாப் ஃபோர்க்கின் ஒரு நுனி மட்டும் தேய்ந்திருக்கிறது, டெட்டன்ட் ஸ்பிரிங் ஒன்று மற்றதைவிடக் குட்டை.

இப்போது முக்கியக் கேள்வி. லே ஷாஃப்ட் எங்கே வாங்குவது? புதுப்பேட்டையில் ஒருவர் பழைய பாக்ஸ் ஒன்றை அப்படியே தருகிறேன் என்கிறார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் "ஹெரால்டா? அது இப்ப யார் வச்சிருக்கா" என்று சிரித்தார்கள்.

அம்பாசிடர்_அன்பு

பழைய பாக்ஸை வாங்கிப் போடுங்க ப்ரோ. ரெண்டுல ஒண்ணு தேறும்.

எண்ணெய்க்கை

வாங்கு, ஆனா அப்படியே ஏத்தறதுக்கு இல்லை. அதுல ஃபோர்க், செகண்ட் ரிங் தேறும். லே ஷாஃப்ட் மட்டும் தேறாது, அந்த பாக்ஸும் அதே நோய்லதான் செத்திருக்கும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடி மேல் மூடியைத் திறந்து கிளஸ்டரை ஆட்டிப் பாரு. பாக்ஸ் மேல அடிச்சிருக்கிற நம்பரை உன்னோட பாக்ஸ் நம்பரோட ஒப்பிட்டுப் பாரு. வருஷத்துக்கு வருஷம் சின்னச் சின்ன மாத்தம் பண்ணியிருக்காங்க. கிளஸ்டரையும் அதோட கடிக்கிற கியரையும் ஜோடி பிரிக்காதே, பிரிச்சா புதுசா ஒரு ஊளை வரும்.

குரொய்டன்காரன்

இங்கயிருந்து புது லே ஷாஃப்ட் எடுப்பிக்கலாம், விலையும் பெரிசில்லை. ஆனா மறு தயாரிப்பா வாறதுகளில தரம் ஒரே மாதிரி இல்லை. சிலது போதிய கடினம் இல்லாம வந்து, கொஞ்சக் காலத்திலேயே திரும்ப உரிஞ்சு போச்சு எண்டு இங்க கனபேர் முறைப்பாடு சொல்லுகினம். வந்த உடன ரோலர் ஓடாத நுனியில ஒரு நல்ல அரத்தை இழுத்துப் பாருங்கோ. அரம் வழுக்க வேணும். கடிச்சால் திருப்பி அனுப்புங்கோ.

பல்சக்கரம்_கோவை

இங்கேயே செய்யலாமுங்க, ஆனால் செய்கிற மாதிரி செய்யணும். லேத் கடையில் கொடுத்தால் ஈ.என்.8 உருக்குக் கம்பியில் கடைந்து, மேலே பாலிஷ் போட்டு, அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். பார்க்கப் பளபளக்கும். ஊசி ரோலருக்கு அந்தத் தண்டுதான் உள் வளையம், பேரிங்கின் ஒரு பாதியே அதுதான். ரோலர் கடினம், தண்டு மென்மை என்றால் ரோலர் அதில் பள்ளம் தோண்டிவிட்டுப் போகும்.

ஈ.என்.36 அல்லது 20எம்.என்.சி.ஆர்.5 வாங்குங்க. இரண்டும் கேஸ் ஹார்டனிங் உருக்கு, அதாவது மேல்தோலை மட்டும் கடினமாக்கக் கூடியது. கிரைண்டிங்குக்கு மிச்சம் வைத்துக் கடையணும், லாக் உட்காருகிற இடத்தையும் ஆயில் ஓட்டை இருந்தால் அதையும் அப்போதே செய்துவிடணும், பிறகு டிரில் இறங்காது. அப்புறம் கார்பன் ஏற்றல். கிரைண்டிங் முடிந்தபின் மேல்தோல் முக்கால் முதல் ஒரு மில்லிமீட்டர் ஆழம் மிஞ்சணும். பதப்படுத்தினால் மேற்பரப்பின் கடினம் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை வரணும், உள்ளே கொஞ்சம் மென்மையாகவே இருக்கணும், இல்லையென்றால் ஒடியும். கடைசியில் சிலிண்டர் கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவரணும். அம்பத்தூரிலும் கிண்டியிலும் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகள் இருக்கு. ஒற்றைத் தண்டுக்கு அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், வேறு ஒருவருடைய லாட்டோடு சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்க.

அளவை எங்கிருந்து எடுப்பது? உங்க பழைய தண்டின் தேயாத பக்கம், கூட்டுக்குள் உட்கார்ந்திருந்த நுனி. மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் எடுங்க. வெர்னியர் போதாது.

ஹார்டு குரோம் ஏற்றிக் கிரைண்ட் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். ஹைட்ராலிக் ராடுக்கு அது நல்ல வேலை. ஊசி ரோலர் உருளுகிற இடத்தில் குரோம் செதிலாக உரியும். வேண்டாம். பல்லுக்கு வெல்டிங் வைத்து அரத்தால் வடிவம் கொடுப்பதும் வேண்டாம், பக்கத்துப் பல்லின் பதமும் சேர்ந்து போய்விடும்.

நெய்வேலி_டீசல்

ஒரு தண்டுக்கு இத்தனை அலைச்சல் என்றால் அடாப்டர் தகடே மேல் என்று தோன்றுகிறது. சரி, விடுங்கள். ரோலருக்கு என்ன செய்வது?

பல்சக்கரம்_கோவை

ரோலர் தனியாகவே பேரிங் கடையில் கிடைக்கும். விட்டமும் நீளமும் அளந்து கொண்டு போகணும். இந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டியில் அங்குல அளவு, கடைக்காரர் கிட்டத்தட்ட ஒத்து வருகிற மெட்ரிக் ரோலரை நீட்டுவார், வாங்காதீங்க. பழசு பாதி புதுசு பாதி என்றும் கலக்காதீங்க. ஒன்று மட்டும் மயிரிழை தடிமனாக இருந்தாலும் பாரம் முழுக்க அதன் தலையில்தான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டியிலிருந்து எடுங்க.

வண்டலூர்_வாசி

சின்ன அப்டேட். புதுப்பேட்டை பாக்ஸை வாங்கினேன். அதில் லே ஷாஃப்ட் என்னுடையதைவிட மோசம் (அண்ணன் வாக்கு பலித்தது). ஃபோர்க் நன்றாக இருக்கிறது, செகண்ட் ரிங் கோனைப் பிடிக்கிறது. என் பாக்ஸின் ஃபர்ஸ்ட் கியரையும் கிளஸ்டரையும் ஜோடியாக அப்படியே வைத்துக்கொண்டேன், சிதைந்த ஓரத்தை எண்ணெய்க்கல்லால் லேசாக முறித்தேன். தண்டு ஈ.என்.36-ல் செய்து, பதம் ஏற்றி, கிரைண்டிங் முடிந்து வந்துவிட்டது. பதப்படுத்தியவர் 60 என்று எழுதிக் கொடுத்தார். அரம் வழுக்குகிறது.

மாட்டும்போது எதைக் கவனிக்கணும்?

எண்ணெய்க்கை

கழட்டினதுக்கு நேர் தலைகீழ். ரோலரை வாஸ்லின் தடவி கிளஸ்டருக்குள்ள ஒட்டு. கெட்டி கிரீஸ் வேண்டாம், ஆயில்ல கரையாம நிக்கும். டம்மியைச் சொருகு. த்ரஸ்ட் வாஷரையும் வாஸ்லின்லயே கூட்டுச் சுவர்ல ஒட்டி, கிளஸ்டரை அடியில படுக்க வை. அப்புறம் மெயின் ஷாஃப்ட், டாப் பினியன். பினியனுக்குள்ள மூக்கு ரோலரை மறந்துடாதே. கடைசியில கிளஸ்டரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிஜத் தண்டைத் தள்ளு, டம்மி மறுபக்கம் வெளியே வரும். பாதி வழியில டம்மியும் தண்டும் முட்டிக்கிட்டே இருக்கணும், இடைவெளி விட்டா ஒரு ரோலர் சாய்ஞ்சுக்கும்.

தண்டு போனதும் கிளஸ்டர் முன்பின் எவ்வளவு ஆடுதுன்னு ஃபீலர் கேஜ் விட்டுப் பாரு. மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு மேல இருந்தா தடிமனான த்ரஸ்ட் வாஷர். இந்த ஒரு இடத்துல "ஏதோ இருக்கட்டும்"னு விடாதே.

மூடியைப் போடறதுக்கு முன்னாடி கையாலயே ஒவ்வொரு கியரா போட்டு டாப் பினியனைச் சுத்து. டாப்புல ஒரு சுத்துக்கு ஒரு சுத்து வரணும். நியூட்ரல்ல பின்பக்கம் அசையாம நிக்கணும். எங்கயாவது இறுகினா கழட்டு, ஓட ஓட சரியாகும்னு நினைக்காதே.

பேக்கிங் எல்லாம் புதுசு, பின் ஆயில் சீல் புதுசு. கிளட்ச் ரிலீஸ் பேரிங்கும், கிராங்க் பின்னாடி இருக்கிற வெண்கல புஷ்ஷும் இப்பவே மாத்திடு. அதுக்காக மறுபடி சீட்டைக் கழட்டுவியா?

குரொய்டன்காரன்

லீவருக்குக் கீழ இருக்கிற நைலோன் புஷ்ஷுகளையும் சேர்த்து மாத்துங்கோ. அது தேய்ஞ்சால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில லீவர் கிணுகிணுக்கும், பெட்டி பிழை எண்டு நினைச்சுக் கவலைப்படுவியள்.

வண்டலூர்_வாசி

மாட்டி ஓட்டியாச்சு. செகண்ட், தேர்டில் ஊளை போய்விட்டது. ஃபர்ஸ்டில் அண்ணன் சொன்ன பிறவி ஊளை மட்டும். செகண்ட் சத்தமில்லாமல் இறங்குகிறது. தாம்பரம் மேம்பாலத்தில் இறங்கும்போது தேர்டு நின்றது. லீவர் மட்டும் 50-ல் கிணுகிணுக்கிறது, நைலான் புஷ் இன்னும் கிடைக்கவில்லை. கோவை அண்ணா, அதை டெல்ரின் பிளாஸ்டிக்கில் கடையலாமா?

பல்சக்கரம்_கோவை

தாராளமாக. பழைய புஷ்ஷின் தேயாத ஓரத்தை அளந்து அனுப்புங்க, நானே கடைந்து தருகிறேன். கொஞ்ச தூரம் ஓடியதும் சூடாக இருக்கும்போதே ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்க. மெல்லிய சாம்பல் பொடி இருந்தால் சரி. செதில் வந்தால் நிறுத்துங்க.

அம்பாசிடர்_அன்பு

எந்த ஆயில் ஊத்தினீங்க ப்ரோ?

வண்டலூர்_வாசி

ஜி.எல்-4, 80. உங்களுக்காக டின்னை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

பம்மல்_மெக்கானிக்

புதிதாகச் சேர்ந்தேன். என்னிடம் ஸ்டாண்டர்டு கெஸல் கார் ஒன்று இதே சத்தத்தோடு நிற்கிறது. அந்த டம்மி ஷாஃப்ட் ஒரு வாரம் கிடைக்குமா? என் லே ஷாஃப்ட் விட்டம் உங்களுடையது போலவே இருக்குமா?

வண்டலூர்_வாசி

தருகிறேன் அண்ணே, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் உங்கள் தண்டின் நுனியை மைக்ரோமீட்டரில் அளந்து இங்கே போடுங்கள். ஒத்து வரவில்லையென்றால் லேத்தில் புதிதாகக் கடைவது அரை மணி வேலை.